ஏழாவது பதில்

திண்டிவனத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கின் கம்ப்யூட்டர் லேபில் அமலோற்பவமேரி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கொடுத்த பொறுப்பு மூன்றுதான். காலையில் எல்லா கம்ப்யூட்டரையும் ஆன் செய்ய வேண்டும். மாலையில் எல்லாவற்றையும் ஆஃப் செய்ய வேண்டும். நடுவில் ஏதாவது ஒரு மெஷின் மக்கர் செய்தால் ரிஜிஸ்டரில் எழுதி வைக்க வேண்டும். பாடம் நடத்துவதெல்லாம் லெக்சரர்கள் வேலை. அவள் படித்ததோ பி.ஏ. வரலாறு. கூடவே டைப்ரைட்டிங்கில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர். முகையூரில் பிறந்து, விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டு, பதினோரு வருஷம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுத்தவள். இன்ஸ்டிடியூட்காரர் அதை மூடிவிட்டு மகளோடு பெங்களூர் போய்ச் சேர்ந்த பிறகு, தெரிந்த ஃபாதர் ஒருவர் சொல்லி இந்த வேலை கிடைத்தது.

ஆன், ஆஃப் என்று காலம் ஓடியிருக்கும். ஆனால் அந்தக் காலேஜில் கம்ப்யூட்டர் லெக்சரர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் நிலைக்க மாட்டார்கள். சென்னையில் வேலை கிடைத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் நேரத்தில் லேபில் நிலையாக இருந்த ஒரே ஆள், எல்லோரும் அமலா என்று கூப்பிடும் இவள்தான். அதனால் கேள்விகள் அவளிடம் வந்தன.

முதல் கேள்வியைக் கேட்டது சகாய பிரியா என்ற மாணவி. "மிஸ், என் சிஸ்டத்துல சர்வர் ஓடுது. நானே கனெக்ட் பண்ணா வருது. பக்கத்து சிஸ்டத்துலேர்ந்து பண்ணா வரவே மாட்டேங்குது."

அமலாவுக்கு சர்வர் என்றால் ஓட்டலில் இலை போடுகிறவர்தான் தெரியும். ஆனாலும் தெரியாது என்று சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. "நாளைக்கு சொல்றேன்," என்றாள்.

அன்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் படிக்க ஆரம்பித்தாள். இங்கே சர்வர் என்பது மற்ற கம்ப்யூட்டர்கள் கேட்பதைக் கொடுக்கும் புரோகிராம். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள ஆளுக்கொரு வாசல் வேண்டும். அந்த வாசலுக்குப் பெயர் சாக்கெட். வாசலுக்கு ஒரு நம்பர் உண்டு, அது போர்ட். பிரியா தன் சர்வரை 127.0.0.1 என்ற முகவரியில் உட்கார வைத்திருந்தாள். அது வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கூப்பிடுவதற்கான முகவரி. தெருவிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. மறுநாள், தெருவிலிருந்து கூப்பிட்டாலும் கேட்கும் 0.0.0.0 என்ற முகவரிக்கு மாற்றச் சொன்னாள். பக்கத்து சிஸ்டம் உடனே கனெக்ட் ஆனது. பிரியா கைதட்டினாள். அமலா சிரித்துக்கொண்டே போய் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். ஆனால் அன்றைக்கு மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு 'நாளைக்கு சொல்றேன்' அவளுடைய வழக்கமாகிவிட்டது. சொன்னபடி மறுநாள் பதிலோடு வந்துவிடுவாள். புரோகிராமை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓட்டினால் 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று ஏன் அடம் பிடிக்கிறது? டிசிபி, யூடிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே சர்வரோடு பத்து பேர் எப்படிப் பேசுவது? ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் மாறினார்கள், கேள்விகள் மாறவில்லை. ஒரே விஷயத்தை நூறு தடவை சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று, தமிழ் தட்டச்சில் ஹையர் வாங்கிய விரல்களால் எல்லாவற்றையும் அடித்து, 'சாக்கெட் சந்தேகங்கள்' என்று ஒரு இணையப் பக்கம் தொடங்கினாள். மொத்தம் நாற்பத்தொரு கேள்வி. தமிழில் இந்த விஷயத்தை இவ்வளவு லேசாக எழுத வேறு ஆள் இல்லையோ என்னவோ, சிவகாசியிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் படிக்க வந்தார்கள். 'அமலா மிஸ்' என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள்.

அதில் எல்லோரும் அதிகம் படித்தது ஏழாவது கேள்வி. நான் அனுப்பியது அந்தப் பக்கம் ஒழுங்காகப் போய்ச் சேருமா?

அமலாவின் பதில் இப்படி இருந்தது: 'டிசிபி எதையும் தொலைக்காது. முன்னதைப் பின்னதாக மாற்றாது. அந்தப் பக்கம் ஒரு தடவை அனுப்பினால், அதாவது ஒரு செண்ட் என்றால், இந்தப் பக்கம் ஒரு தடவை வாங்கும், அதாவது ஒரு ரிசீவ். கவலைப்படாமல் எழுதுங்கள்.' அதற்குக் கீழே இருநூற்றுக்கும் மேற்பட்ட நன்றிகள் சேர்ந்திருந்தன.

போன வருஷம் பிப்ரவரியில் அந்த நன்றிகளுக்கு நடுவே வேறு மாதிரி ஒன்று வந்தது.

'மேடம், உங்கள் ஏழாவது பதிலைப் பார்த்துத்தான் எழுதினேன். எங்கள் மெஸ்ஸில் பார்சல் டோக்கன் போர்டு. கவுண்டரிலிருந்து 46 அனுப்பினால் 46 வருகிறது. கூட்ட நேரத்தில் மட்டும் 4647 என்று வருகிறது. ஏன்? வெண்ணிலா, விக்கிரவாண்டி.'

அமலா பஸ்ஸிலிருந்தே பதில் போட்டாள். 'உங்கள் கீபோர்டில் கோளாறு இருக்கலாம். மாற்றிப் பாருங்கள்.'

இரண்டு நாள் கழித்து: 'மாற்றியாச்சு. 4647 போய் இப்போது 5152 வருகிறது.'

'இரண்டு எண்களுக்கு நடுவில் அரை நொடி இடைவெளி விட்டு அனுப்புங்கள்.'

திங்களும் செவ்வாயும் ஒன்றும் வரவில்லை. சரியாகிவிட்டது என்று அமலா நினைத்தாள். உண்மையில் திங்களும் செவ்வாயும் மெஸ்ஸில் கூட்டம் இல்லை, அவ்வளவுதான். புதன்கிழமை வந்த கடிதத்தில் மேடம் என்ற சொல் மட்டும் மரியாதையாக இருந்தது. 'மேடம், போன வாரம் வரைக்கும் ஆயிரத்தில் இருந்தது. இன்றைக்கு லட்சத்துக்குப் போய்விட்டது. நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன். உங்கள் பதிலில்தான் ஏதோ தப்பு இருக்கிறது.'

அமலாவுக்குச் சுருக்கென்றது. இருநூறு பேருக்குச் சரியாக இருந்தது இந்த ஒரு அம்மாளுக்கு மட்டும் எப்படித் தப்பாகும்? லேபில் அவளே எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தது. 'என் பதிலில் தவறில்லை. உங்கள் புரோகிராமை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்,' என்று எழுதினாள். எழுதிய பிறகு, அந்த 'நிதானமாக' வேண்டாமோ என்று தோன்றியது. அதற்குள் போய்விட்டது.

பதில் ஒரே வரியில் வந்தது. 'தினமும் எங்கள் கடையைத் தாண்டித்தானே பஸ்ஸில் போகிறீர்கள்? இறங்கி வந்து நீங்களே நிதானமாகப் பாருங்கள்.'

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய் வருவதைத் தன் இணையப் பக்கத்தில் எங்கேயோ அமலா எழுதியிருந்தாள். அதையும் படித்திருக்கிறாள் இந்த வெண்ணிலா.

அந்தச் சனிக்கிழமை காலேஜ் அரை நாள். பன்னிரண்டரை மணிக்கு அமலா விக்கிரவாண்டியில் இறங்கி, வெயிலில் நடந்து டோல்கேட் பக்கம் இருந்த அந்த மெஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் பத்துப் பன்னிரண்டு லாரிகள். இரண்டு வேன்களில் வந்து இறங்கிய கோயில் கூட்டம். உள்ளே மாஸ்டர் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம். சுவரில் சிவப்பு எண்கள் மின்னும் ஒரு போர்டு. அதற்கு மேலே ஒரு ஸ்பீக்கர்.

கல்லாவில் இருந்தவர் முருகையன், கடைக்காரர். அவருடைய மனைவிதான் வெண்ணிலா. முப்பத்தாறு வயது இருக்கும். விழுப்புரத்தில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த கையோடு கல்யாணமாகி மாவு, சட்னி, ஆள் சம்பளம் என்று மெஸ்ஸுக்குள் வந்தவள். பார்சல் கவுண்டரில் சின்னதுரை என்ற ஐம்பது வயதுக்காரர் நாள் முழுக்க டோக்கன் நம்பரைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், இனிமேல் கத்தக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இந்தப் போர்டு யோசனை அவளுக்கு வந்தது. சின்னதுரை கவுண்டரில் எண்ணை அமுக்குவார். அது ஒயர் வழியாகக் கூடத்துக்குப் போகும். போர்டு அதைக் காட்டும். போனில் வழி சொல்லும் பெண் குரலில் ஸ்பீக்கர் படிக்கும். எல்லாம் வெண்ணிலாவே எழுதியது.

"வாங்க மேடம்," என்றாள் வெண்ணிலா. முகத்தில் சிரிப்பு இல்லை. "உக்காருங்க. ஒரு மணிக்கு ஆரம்பிக்கும் பாருங்க கூத்து."

அமலா சுவரோர மேசையில் உட்கார்ந்தாள். தோசையும், அங்கே மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையில் அரைத்த சட்னியும் வந்தன. முதல் கால் மணி நேரம் போர்டு சமர்த்தாக இருந்தது. நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து. அமலா மனசுக்குள் கொஞ்சம் தெம்பானாள். அப்போது உள்ளேயிருந்து பிரியாணிப் பொட்டலங்கள் மொத்தமாக வந்தன. சின்னதுரை மளமளவென்று அமுக்கினார்.

"டோக்கன் எண் நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு," என்றது ஸ்பீக்கர் அமைதியாக.

பார்சலுக்காக நின்றிருந்த லாரி டிரைவர் மண்ணாங்கட்டி தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். "இன்னாம்மா இது? டோக்கன் நம்பரா, என் வண்டி நம்பரா? நான் நாப்பத்தாறு. நாலாயிரம் வர்ற வரைக்கும் நிக்கணும்னா நான் திருச்சி போயி திரும்பி வந்துடுறேன்."

கூடத்தில் சிரிப்பு. அவர் சொல்லி முடிப்பதற்குள் ஸ்பீக்கர் அடுத்ததைப் படித்தது. "டோக்கன் எண் நாலு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து தொள்ளாயிரத்து ஐம்பது."

கோயில் கூட்டத்துப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஒருவர் கைதட்டினார். வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த கிளீனர்கள் இரண்டு பேர் கேட்பதற்கென்றே உள்ளே வந்தார்கள். அடுத்தது கோடியில் வந்தது. அந்தக் கோடியைப் படித்து முடிக்க ஸ்பீக்கருக்கு ஏழெட்டு நொடி பிடித்தது. சின்னதுரை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "நான் ஒண்ணொண்ணாதாங்க அமுக்குனேன், என்னையப் பாக்காதீங்க," என்றார் கட்டிய தொண்டையில். முருகையன் கல்லாவிலிருந்தே எழுந்து, "வெண்ணிலா! அந்த எழவை மொதல்ல நிறுத்து. சின்னதுரையே கத்திட்டுப் போவட்டும். பேஜாரு புடிச்ச போர்டு!" என்றார்.

வெண்ணிலாவின் முகம் சிவந்துவிட்டது. அமலாவைப் பார்த்தாள். "பாத்தீங்களா மேடம்? கூட்டம் வந்தாலே இதான். இந்தக் கடைக்குக் 'கோடி மெஸ்'னே பேரு வெச்சுட்டாங்க டிரைவருங்க."

அமலாவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. தோசையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "உன் லாக்கைக் காட்டும்மா. எது எப்ப போச்சு, எப்ப வந்துச்சுன்னு அதுல பதிஞ்சிருக்குமே."

கவுண்டருக்குப் பின்னால், எண்ணெய் டின்களுக்கு நடுவில் ஒரு பழைய லேப்டாப். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இது சின்னதுரை அண்ணன் அமுக்கினது," என்று வெண்ணிலா விரலை வைத்தாள். "நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்போது, அம்பது. மூணு செண்ட். தனித்தனியாதான் போயிருக்குது. நான் ஒண்ணும் சேத்து அனுப்பல."

"இந்தப் பக்கம்?"

"ஒரே ஒரு ரிசீவ்."

"இருக்காதே. மூணு செண்ட்னா மூணு ரிசீவ் இருக்கணும்."

"அப்டின்னு யாரு சொன்னது?"

அமலா தன் ஏழாவது பதிலை நினைத்துப் பார்த்தாள். அப்படிச் சொன்னது அவள்தான். புத்தகத்தில் எங்கேயாவது படித்தாளா என்று யோசித்தாள். படித்த மாதிரி நினைவில்லை. லேபில் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நடந்தது, அதனால் எழுதினாள். அந்த லேபில் இல்லாதது இங்கே என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தாள்.

"ஸ்பீக்கரை நிறுத்து," என்றாள். "போர்டு மட்டும் ஓடட்டும். பேச வேண்டாம்."

வெண்ணிலா ஒரு வரியை மாற்றினாள். அடுத்த பத்து நிமிஷம் கூட்டம் குறையாமல்தான் இருந்தது. சின்னதுரை அமுக்கிக்கொண்டே இருந்தார். போர்டில் எண்கள் ஒவ்வொன்றாக, ஒழுங்காக வந்துபோயின.

"ஊமையா இருந்தா சரியா காட்டுது," என்றாள் வெண்ணிலா, கண்ணை இடுக்கிக்கொண்டு. "அப்ப அது பேசிக்கினு இருக்கும்போது வர்ற நம்பரெல்லாம் எங்க போவுது?"

"வாசல்ல காத்துக்கினு இருக்கும்."

"எப்டி? வரிசையில ஒண்ணு பின்னாடி ஒண்ணு நிக்குமா, ஒட்டிக்கினு நிக்குமா?"

அமலா போனை எடுத்துத் தேடினாள். கவுண்டருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு படித்தாள். ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. உலகம் முழுக்க ஆயிரம் பேர் கேட்டு ஆயிரம் பேர் பதில் சொல்லியிருந்த கேள்வி அது. அவள்தான் தேடிப் பார்த்ததில்லை. தெரியும் என்று நினைத்ததை யார் தேடுவார்கள்?

டிசிபிக்கு எண்ணும் தெரியாது, டோக்கனும் தெரியாது. அது கொண்டுபோவது வெறும் எழுத்துக்களின் ஓட்டம். எழுத்து தொலையாது, முன்பின் மாறாது. அதுவரைக்கும் அவள் எழுதியது சரி. ஆனால் எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதை அது பார்க்காது. போர்டு ஒரு எண்ணைப் படித்துக்கொண்டிருக்கும்போது மூன்று எண்கள் வந்து காத்திருந்தால், அடுத்த ரிசீவில் மூன்றும் சேர்ந்து ஒரே மூட்டையாக வரும். பெரிய எண்ணைப் படிக்க அதிக நேரமாகும். அதற்குள் இன்னும் அதிக டோக்கன்கள் வந்து சேரும். அடுத்த எண் இன்னும் பெரிதாகும். ஆயிரம், லட்சம், கோடி என்று ஏறிக்கொண்டே போனது அதனால்தான். காலேஜ் லேபில் ஸ்பீக்கர் கிடையாது. வந்த எழுத்தை உடனே எடுத்துவிடுவார்கள். பிள்ளைகளும் ஒற்றை விரலால் தேடித் தேடித்தான் அடிப்பார்கள். ஒட்டிக்கொள்வதற்கு அங்கே வாய்ப்பே இல்லை.

"வெண்ணிலா," என்றாள் அமலா. "உன் புரோகிராம்ல தப்பில்ல. நான் எழுதினதுதான் தப்பு. உனக்கு நிதானமா பாருன்னு வேற எழுதிட்டேன்."

வெண்ணிலா இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக நின்றிருந்தவள் சட்டென்று குரலை இறக்கி, "காப்பி சாப்பிடுறீங்களா அக்கா?" என்றாள். மேடம் போய் அக்கா வந்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

முருகையன் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா ஆச்சு? தெரிஞ்சுதா?"

"ஒரே பைப்புல மூணு குடம் தண்ணி ஊத்தினா அந்தப் பக்கம் தண்ணிதாங்க வரும்," என்றாள் அமலா. "குடம் குடமா வராது. எது எந்தக் குடம்னு நாமதான் அடையாளம் வெச்சு அனுப்பணும்."

"அப்ப இத்தினி நாளா நான் இவளைத் திட்டினதெல்லாம்?"

"அதெல்லாம் என்னையத் திட்டினதா வெச்சுக்குங்க."

முருகையன் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கல்லாவுக்குத் திரும்பினார். சற்று நேரத்தில் இரண்டு டபரா காப்பி அவரே கொண்டுவந்து வைத்தார்.

மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்த பிறகு இருவரும் உட்கார்ந்து மாற்றினார்கள். அடையாளமாக எதை வைப்பது என்பதில் அமலாவுக்கு யோசனையே தேவைப்படவில்லை. டைப்ரைட்டரில் ஒரு வரி முடிந்தால் கைப்பிடியைத் தள்ளி அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்று பதினோரு வருஷம் கத்தியவள் அவள். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு புது வரிக் குறி. இந்தப் பக்கம், வந்ததையெல்லாம் ஒரு பாத்திரத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்தக் குறி வரும் இடத்தில் வெட்டி வெட்டி எடுக்க வேண்டும். குறி இன்னும் வராத மிச்சம் இருந்தால் அதைத் தூக்கி எறியாமல் அடுத்ததோடு சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை அமலா மறந்துவிட்டாள். வெண்ணிலாதான், "பாதி வந்து நின்னுட்டா, அக்கா? நூத்தி நாப்பத்தாறுல ஒண்ணு மட்டும் வந்தா ஒண்ணாம் நம்பர்காரன் வந்து நிப்பானே," என்று பிடித்தாள். ஐந்தரை மணிக்கு டிபன் கூட்டம் வந்தது. ஸ்பீக்கர் திரும்பவும் பேச ஆரம்பித்தது. நூற்று அறுபத்தொன்று. நூற்று அறுபத்திரண்டு. நூற்று அறுபத்து மூன்று. மூன்றும் வேகமாக அமுக்கியதுதான். ஸ்பீக்கர் நிதானமாக ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தது.

"சப்புன்னு போச்சே," என்றார் ஒரு டிரைவர். "கோடி கேக்கலாம்னு வந்தேன்."

அமலா வீடு வந்து சேர ஏழரை ஆனது. அவளுடைய கணவர் பாக்கியசாமிக்கு வளவனூரில் ஒரு ரைஸ் மில்லில் மெக்கானிக் வேலை. சோற்றைப் போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அவர் கோடி மெஸ் கதைக்கு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, "சரி, அந்தப் பதிலைச் சத்தமில்லாம மாத்திட்டுப் போயேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"மாத்தினா இனிமே படிக்கிறவங்களுக்கு சரி. ஏற்கெனவே படிச்சுட்டு எழுதினவங்க?"

"அவங்களுக்கு ஓடுதுன்னா ஓடட்டுமே."

"வெண்ணிலாவுக்கும் திங்கக்கிழமை ஓடுச்சு."

பாக்கியசாமி யோசித்தார். மில்லில் ஒரு பெல்ட்டைத் தப்பாக மாட்டினால், மாட்டிய அன்றைக்கு அது நன்றாகத்தான் ஓடும். "சரி, செய்யி," என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தாள். பழைய பதிலை அழிக்கவில்லை. அதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, 'இது தவறு. மூன்று வருஷமாகத் தவறாக எழுதி வைத்திருந்தேன். விக்கிரவாண்டி வெண்ணிலா சுட்டிக்காட்டினார். முதலில் நான் ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதி, கீழே சரியான பதிலைப் போட்டாள். பிறகு நன்றி சொல்லியிருந்த இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினாள். அதற்கு நான்கு நாள் பஸ் பயணம் பிடித்தது.

பதில்கள் வந்தன. ஷார்ஜாவில் ஒரு கோடவுனில் வேலை செய்யும் ஆன்டனி, வாரம் ஒரு தடவை கேட் தானாகத் திறந்துகொள்வது ஏன் என்று இரண்டு வருஷமாகத் தெரியாமல் காவல்காரரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததாகவும், இரண்டு எண்கள் ஒட்டிக்கொண்டு கேட்டைத் திறக்கும் எண்ணாகிவிடுவது இப்போதுதான் புரிந்ததாகவும் எழுதினார். 'அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் மிஸ். நீங்களும் ஒரு வரி எழுதினால் அவர் சந்தோஷப்படுவார்,' என்றிருந்தது. அமலா எழுதினாள்.

ஆனால் அவளைத் தூக்கிப்போட்டது வேறு சில கடிதங்கள். ஈரோட்டுக்காரர் ஒருவர், 'இது தவறு என்று போன வருஷமே கண்டுபிடித்து என் புரோகிராமை மாற்றிக்கொண்டேன். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது,' என்று எழுதியிருந்தார். அதேபோல் இன்னொருவர். இன்னொருவர். எண்ணிப் பார்த்தால் முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பேருக்கும் தெரிந்திருக்கிறது. மரியாதைக்காக ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அன்று பஸ்ஸில் அமலாவுக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கண்டக்டர் சில்லறை கேட்டதற்கு வள்ளென்று விழுந்தாள். விக்கிரவாண்டி வந்ததும், காலேஜுக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் இறங்கிவிட்டாள்.

"முப்பத்தொரு பேரு, வெண்ணிலா! நன்றி சொல்லத் தெரியுது, தப்புன்னு சொல்லத் தெரியல."

வெண்ணிலா வெங்காயக் கூடையிலிருந்து நிமிர்ந்தாள். "நான் சொன்னேனே. நீங்க எங்க கேட்டீங்க?"

அமலா வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மிச்சம் நாப்பது பதில் இருக்குது," என்றாள். "எல்லாத்தையும் படி. எது தப்போ மூஞ்சிக்கு நேரா சொல்லு."

"எனக்கு மாவு அரைக்கணும், அக்கா."

"அரைச்சுக்கினே படி."

காலேஜில் அன்று பிரின்சிபால் மாசிலாமணி கூப்பிட்டு அனுப்பியிருந்தார். லேட்டாக வந்ததற்கென்று நினைத்துப் போனாள். அதற்கு இல்லை. "மேடம், உங்க பேஜை யாரோ காட்டினாங்க. தப்பு, தப்புன்னு நீங்களே பெருசா போட்டு வெச்சிருக்கீங்க. கீழே நம்ம காலேஜ் பேரு இருக்குது. பேரன்ட்ஸ் பாத்தா என்ன நினைப்பாங்க? அதைக் கொஞ்சம் எடுத்துடுங்களேன்."

"எடுத்துடுறேன் சார்," என்றாள் அமலா. லேபுக்கு வந்து உட்கார்ந்து காலேஜ் பெயரை எடுத்துவிட்டாள். தவறு என்று எழுதியிருந்தது அங்கேயே இருந்தது. மாசிலாமணி மறுபடி பார்த்தாரோ இல்லையோ, ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் வெண்ணிலாவின் பட்டியல் வந்தது. பதினாலு இடம். பதினொன்று எழுத்துப்பிழை. ஒன்றில், எண்ணை அனுப்பும்போது அதன் எந்த முனை முதலில் போக வேண்டும் என்பதை அமலா தலைகீழாக எழுதியிருந்தாள். இன்னொன்றில் உதாரணம் ஓடவே இல்லை. இதையெல்லாம் அமலா மறுபேச்சில்லாமல் திருத்தினாள். இருபத்து மூன்றாவதில்தான் சண்டை வந்தது.

அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போய்விட்டால் இந்தப் பக்கத்துக்குத் தெரியுமா? தானாகத் தெரியாது என்று அமலா எழுதியிருந்தாள். உடனே தெரிந்துவிடும் என்றாள் வெண்ணிலா. "நானே ஓட்டிப் பாத்தேன் அக்கா. அந்தப் பக்கம் நிறுத்தின அடுத்த நொடி இந்தப் பக்கம் கனெக்ஷன் போச்சுன்னு வந்துடுச்சு."

"நீ புரோகிராமை நிறுத்தியிருப்ப. அது போறேன்னு சொல்லிட்டுப் போவும். கரண்ட் போனா சொல்லிட்டா போவும்?"

"ஒரு தடவ தப்பா எழுதினவங்க இன்னொரு தடவயும் எழுதலாம்ல?"

ஒரு வாரம் போனில் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் படித்துப் பேசி ஆகாது, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மெஸ் ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டு, விழுப்புரம் வீட்டிலிருந்து அமலா கனெக்ட் செய்தாள். இருவரும் போனில் இருந்தார்கள். பாக்கியசாமி நடுவராக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"கனெக்டட்னு வந்துடுச்சு," என்றாள் அமலா. "இப்ப கரண்டை நிறுத்து. லேப்டாப்புல பேட்டரி இருக்குது, ரவுட்டரும் சேந்து போவணும். ஒட்டுமொத்தமா நிறுத்து."

போனில் டக்கென்று ஒரு சத்தம்.

"நிறுத்திட்டேன். பேட்டரியையும் உருவிட்டேன். இன்னா சொல்லுது?"

"கனெக்டட்."

"நல்லா பாருங்க அக்கா."

"நீ வந்து பாக்குறியா? கனெக்டட்னுதான் நிக்குது."

ஒரு நிமிஷம் போனது. இரண்டு. ஐந்து. பாக்கியசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்து, "இருக்குதுன்னுதாம்மா சொல்லுது," என்று சாட்சி சொன்னார்.

"அடச்சே," என்றாள் வெண்ணிலா. "சரி, உங்களுது கரெக்டு. இருபத்து மூணை விட்டுடுங்க. நான் புரோகிராமைத்தான் நிறுத்தினேன் அன்னிக்கு."

"அதையும் சேத்து எழுதிடலாம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதுல்ல. பக்கத்துக்குக் கீழ உன் பேரையும் போடுறேன்."

"பேரெல்லாம் எதுக்கு அக்கா..." என்று வெண்ணிலா இழுப்பதற்குள், போனுக்குப் பின்னால் முருகையனின் குரல் இரைந்தது. "கிரைண்டர் நின்னு போச்சு! பாதி மாவு உள்ள கெடக்குது! யாரு மெயினை ஆஃப் பண்ணது?"

"அக்கா, வெச்சுடுறேன்," என்று வெண்ணிலா கிசுகிசுத்தாள். "ஜல்தி ஆன் பண்ணணும்."

அமலா சிரித்துக்கொண்டே போனைக் கீழே வைத்தாள். அவளுடைய திரை இன்னமும் கனெக்டட் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.